தேக்கு நிறத்துக் குடும்பங்கள்

பூவரசம்பேட்டையில் முதன்முதலாக விளிம்பு பெயர்ந்தவர் நகரமன்ற உறுப்பினர் பரமானந்தம். பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், குடிநீர்க் குழாய் பற்றிய கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்ட கேள்விக்குப் பதிலாக, "நான் யாருன்னு தெரியுமா" என்று அவர் மேசையில் ஓங்கிக் குத்தியபோது, முழங்கை ஓரத்தில் இரண்டு விரற்கடைத் தோல் சில்லாகத் தெறித்து, உள்ளேயிருந்து பழுப்பு நிற மரத்தூள் பொலபொலவென்று தீர்மானப் புத்தகத்தின்மேல் கொட்டியது. ரத்தம் வரவில்லை. கூட்டம் ஒரு நிமிடம் அதைப் பார்த்தது. பிறகு ஆணையர் புத்தகத்தை மெல்லச் சாய்த்துத் தூளைத் தரையில் தட்டிவிட்டு, அடுத்த தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார்.

மறுவாரம் மேல்நிலைப் பள்ளிக் கணக்காசிரியைக்குக் காதுமடலில் பெயர்ந்தது; அடுத்து மளிகைக்கடைக்காரருக்குத் தாடையில், கோயில் குருக்களுக்குத் தோளில், காவல் நிலைய ஏட்டையாவுக்கு உட்காருகிற இடத்தில். சித்திரை பிறப்பதற்குள் ஓரம் சிதையாத ஆள் என்று ஊரில் யாரும் இல்லை, இருந்தாலும் அவர்கள் சட்டையைக் கழற்றிக் காட்டவில்லை. பக்கத்து நகரத்துத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பு தூளோடு சேர்ந்து மாவாயிற்று. பெயரில் மட்டும் மரத்தை வைத்துக்கொண்டு, தெருவில் ஒரு பூவரசைக்கூட மிச்சம் வைக்காத அந்த ஊர், காரணம் தேடுவதில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. மறைப்பதற்கே நேரம் போதவில்லை.

மறைப்பதற்குத் தெய்வானை இருந்தாள். நாற்பத்தெட்டு வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாசிலாமணியின் மரச்சாமான் பட்டறையில் பதினெட்டு வருடமாக விளிம்பு ஒட்டுகிறவள். மரத்தூளைப் பசையோடு பிசைந்து அழுத்திய பலகைகளில்தான் அந்தப் பட்டறை அலமாரியும் கட்டிலும் செய்தது. மேலும் கீழும் வழவழவென்று உயர்ந்த மரம்போலவே இருக்கும் அந்தப் பலகை, அறுத்த ஓரத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்; அந்த ஓரத்தை மூடுவதுதான் அவள் வேலை. பின்பக்கம் பசை பூசிய டேப்பைப் பலகையைவிட ஒரு விரல் நீளமாக வெட்டி, ஓரத்தில் பொருத்தி, துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் மேலே மெதுவாக ஓட்டிப் பசையை இளக்கி, சூடு ஆறுவதற்குள் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து, மிஞ்சியதைப் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சீவி, கடைசியில் உப்புத்தாளால் ஒரு தடவு. அவள் தடவிவிட்ட பிறகு மரம் எங்கே முடிந்து பொய் எங்கே தொடங்குகிறது என்று பலகைக்கே தெரியாது.

பரமானந்தத்தின் மனைவி சாந்தகுமாரி ஒரு மதியம் புருஷனைக் குடைக்குள் ஒளித்துக் கூட்டிவந்தாள்.

"தெய்வானை, பீரோவுக்கு ஓரம் ஒட்டுவியே, அத இவருக்கு ஒட்ட முடியுமா?"

தெய்வானை அந்த முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு வியப்பு வரவில்லை. வழவழப்பான பலகைகளின் ஓரங்களையே இத்தனை வருடம் பார்த்தவளுக்கு, என்றைக்காவது இதுவும் கைக்கு வரும் என்று தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

"எந்த நிறம்க்கா வேணும்?"

"என்னென்ன இருக்கு?"

"தேக்கு, ஈட்டி, வேங்கை, வெள்ளை."

"வெள்ளை வேண்டாம்" என்றார் பரமானந்தம். "வேட்டியே வெள்ளைதான். தேக்கு போடு."

"சூடு தாங்குவீங்களாய்யா?"

"சனங்க கேக்கிற கேள்வியையே தாங்கறேன். நீ வை."

ஒரு மாதத்துக்குள் மாசிலாமணி பட்டறையின் நடுவில் ஒரு தட்டி கட்டி, முன்பக்கம் அலமாரிகளுக்கு, பின்பக்கம் ஆட்களுக்கு என்று பிரித்துவிட்டார். தெய்வானையும் அவளோடு வேலை பார்த்த ஆறு பெண்களும் காலையில் பலகைகளையும் மதியத்துக்கு மேல் மனிதர்களையும் ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டு போகிறவர்களிடம், அலமாரியோடு கொடுக்கிற அதே அச்சுத்தாளைக் கொடுத்தார்கள்: நேரடி வெயிலில் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றவும், அதிக எடை ஏற்றக் கூடாது. ஊர் குளிப்பதை நிறுத்தித் துடைத்துக்கொள்ளப் பழகியது. அரசு ஊழியர்கள் நான்காவது வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு மேலதிகாரியின் மேசையில் வைத்தார்கள்.

ஒட்டுகிற பழக்கம் வந்த பிறகு எதை ஒட்டியிருக்கிறோம் என்கிற பெருமையும் பின்னாலேயே வந்தது. தேக்கு நிறம் ஒட்டியவர்கள் தேக்குத் தெருவென்று ஒன்றைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டு, வேங்கை ஒட்டியவர்கள் வீட்டில் காப்பி குடிப்பதை நிறுத்தினார்கள். வேங்கைக்காரர்கள், டேப் வாங்க வழியில்லாமல் பழுப்புக் காகிதத்தைச் சோற்றுப்பசையால் ஒட்டிக்கொண்டவர்களைக் கோயில் வரிசையில் பின்னால் நிற்கச் சொன்னார்கள். மணமக்கள் தேவைப் பக்கத்தில், "ஈட்டி நிறம், மூட்டுத் தெரியாத நல்ல குடும்பம், அதே நிறத்தில் விரும்புகிறோம்" என்று விளம்பரம் வந்தது. இத்தனைக்கும் சாயங்காலம் பட்டறையைக் கூட்டும்போது, குருக்களின் தோளிலிருந்து உதிர்ந்ததும் கொத்தனாரின் முட்டியிலிருந்து உதிர்ந்ததும் ஏட்டையாவின் தூளும் ஒரே முறத்தில் ஒன்றாகத்தான் சேரும். தெய்வானை அதை விரலால் கிளறிப் பார்த்திருக்கிறாள். மாம்பலகை, ரப்பர் மரம், பழப்பெட்டிச் சட்டம், யாரோ தூக்கி எறிந்த கதவு. எல்லாம் அரைபட்டு எல்லாரிலும் இருந்தது. இது இவருடையது என்று ஒரு சிட்டிகையைக்கூடப் பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

அவள் மகள் வான்மதி ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தாள். அதனால் ஊரைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயம் அம்மாவுடையதைவிட இன்னும் ஆழத்திலிருந்து வந்தது. மட்டைப்பந்து விளையாடி மணிக்கட்டு பிசகி வந்த கிரிதரனின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உங்களுக்குள்ள ஒண்ணும் உடையல, உடையற மாதிரி ஒண்ணும் இல்ல" என்று அவள் சொன்னாள். எல்லா இளைஞர்களும் அந்த இடத்தில் படத்தைப் பிடுங்கிக் கிழித்துவிட்டுப் போவார்கள். கிரிதரன், "உங்க படத்தையும் ஒருநாள் காட்டுங்க, பக்கத்துல வெச்சுப் பாப்போம்" என்றான். அதிலிருந்து தொடங்கியது. அப்பா இல்லாமல் வளர்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் பழைய பையோடு போய், எதையும் கேட்டறியாத பெண், முதல்முறையாக அம்மாவிடம் ஒன்று கேட்டாள். அந்த ஒன்று டிம்பர் டிப்போ அம்பலவாணரின் ஒரே மகனாக இருந்தது.

அம்பலவாணர் முழுமரக் குடும்பங்கள் சங்கத்தின் தலைவர். ஒலிபெருக்கி கிடைத்த இடத்திலெல்லாம், "எங்க வம்சத்துல ஏழு தலைமுறையா தூள் கிடையாது. குறுக்கால அறுத்துப் பாத்தா வளையம் எண்ணலாம்" என்று சொல்வார். சொல்லலாம்தான். ஆனால் வைகாசியில், ஊர் சாப்பிட்டு உறங்குகிற வேளையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பட்டறையின் பின்வாசல் வழியாக வந்தவருக்கு, தோள் இரண்டிலும், விலா நெடுகிலும், மீசைக்கு அடியிலும் ஒட்டிய டேப்பில் தெய்வானை ஒரு இரட்டைக்கட்டிலை முடித்திருப்பாள்.

மகன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, யோசித்தார். மறுநாள் தெய்வானை வீட்டுக்கு வந்தார்.

"உன் பொண்ண என் பையன் கேக்கறான். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா சம்பந்தி வீட்டம்மா வாய் எப்பிடி இருக்கணும், தெரியுமா உனக்கு?"

"மூடியிருக்கணும்."

"அப்ப சரி" என்றார் அம்பலவாணர். "நீங்க புரிஞ்சவங்க. உக்காருங்க, ஏன் நிக்கறீங்க?"

அவள் வீட்டில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நிபந்தனையையும் சொன்னார். பெண் முழுமரமாக இருக்க வேண்டும். அவருடைய அக்கா பர்வதத்தம்மாள் வந்து சோதித்துப் பார்ப்பாள். வான்மதிக்கு வலது முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. தெய்வானை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே உட்கார்ந்தாள்.

"ம்மா, இந்த ஊர்ல எல்லாரையும் நான் உள்ளுக்குள்ள பாத்திருக்கேன். அவங்க அத்தை நுரையீரல் படம் நான்தான் எடுத்தேன். பஞ்சுமிட்டாய் வண்டி மாதிரி இருக்கு. எதுக்கு இதெல்லாம்?"

"அவங்க நகத்தால பாப்பாங்கடி, எக்ஸ்ரேயால இல்ல. கைய ஆட்டாத."

"கல்யாணத்துக்கு அப்புறமும் மூடிக்கிட்டே இருக்கணுமா?"

தெய்வானை உப்புத்தாளை எடுத்தாள். அவள் வாழ்நாளில் ஒட்டியவற்றில் அதுதான் உச்சம்.

பர்வதத்தம்மாள் வந்து, பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. கட்டைவிரல் நகத்தைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை, கழுத்திலிருந்து முதுகுவரை ஓட்டினாள். நகம் எங்கும் தட்டவில்லை. "அசல் மரம்" என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த நகத்தைச் சுற்றியிருந்த டேப் போன மாதம் தெய்வானை ஒட்டியது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கிரிதரனும் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை, விரல் இடுக்குகள் உட்பட, ஒரு இடம் விடாமல் தெய்வானை அவனுக்கு ஒட்டினாள். "அத்தை, கூசுது" என்று அவன் சிரித்தபடியே இருந்தான். நல்ல பையன், அப்பா இருக்கும் அறையில் மட்டும் கொஞ்சம் சுருங்கிவிடுவான்.

ஆவணியில் கல்யாணம். நகராட்சி மண்டபம் நிறைந்து வழிந்தது. தேக்கு முன்னால், ஈட்டி அதற்குப் பின்னால், வேங்கை விசிறி இல்லாத ஓரங்களில் உட்கார்ந்தது. தாலியில்லாத தெய்வானைக்குக் கடைசியில், சாப்பாட்டுக்கூடத்தின் கதவை ஒட்டிய தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் அவள். மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டியவர்களோ அவளுடைய அண்ணன் வையாபுரியும் அவன் மனைவியும். அப்போதெல்லாம் ஊரில் பாத பூஜைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. செம்பைக் காலுக்கு மேலே காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள், குருக்கள் மந்திரத்திலேயே நனைத்துவிடுவார். அம்பலவாணர் ஒப்பவில்லை. "ஒரு குடம் தண்ணி ஊத்தணும். தூள் குடும்பம்தான் தண்ணிக்குப் பயப்படும்" என்று மண்டபம் கேட்கச் சொன்னார். தெய்வானைக்கு அதில் பயமில்லை. தன் கைவேலையில் நீர் புகாது என்று அவளுக்குத் தெரியும்.

வையாபுரி குடத்தைத் தூக்கினான். கிரிதரன் தாம்பாளத்தில் வைப்பதற்காகக் காலை உயர்த்தினான். அவ்வளவு தூரத்திலிருந்தும், அந்த உள்ளங்கால்கள் இரண்டும் சொரசொரவென்று, பழுப்பாக, ஒரு டேப்பும் இல்லாமல் இருப்பதைத் தெய்வானை பார்த்தாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுவரோடு ஒட்டி நிற்கிற பின்விளிம்புக்கும் தரையில் நிற்கிற அடிவிளிம்புக்கும் டேப் கிடையாது. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? பதினெட்டு வருடமாக அவள் கை அடிவிளிம்பு வந்ததும் தானாக நின்றுவிடும். தேக்கென்றும் வேங்கையென்றும் இந்த ஊரில் அவளும் அந்த ஆறு பெண்களும் ஒட்டிய ஒருவருக்குக்கூட அவர்கள் உள்ளங்காலில் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அலமாரிகள் சாவதெல்லாம் அந்த வழியாகத்தான். வீடு கழுவும் தண்ணீர் அடியில் புகுந்து, பலகை ஊதி, ஒரு நாள் கதவு மூடாமல் போகும்.

குடம் சாய்வதற்கு இரண்டு நொடி இருந்தது. கத்தினால் மாப்பிள்ளை தூள் என்று மண்டபத்துக்குத் தெரியும், மகள் ஆசைப்பட்ட ஒரே ஒன்று அந்த மேடையிலேயே முறியும். கத்தாவிட்டால் தண்ணீர் காலில் நிற்காது, முட்டிக்கு ஏறும், இடுப்புக்கு ஏறும், நெஞ்சை எட்டினால் பிள்ளை பிழைக்காது. தெய்வானை எழுந்து, கையை உயர்த்தி, "ஊத்தாதண்ணே" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

முகூர்த்த வேளையில் வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்பது முறை. தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கைம்பெண் வாயைத் திறப்பதைப் பார்த்த நாதஸ்வரக்காரர் தவில்காரருக்குக் கண்காட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. தண்ணீர் விழுந்தது.

முதலில் கட்டைவிரல்கள் ஊதின, பிறகு பாதங்கள், பலாப்பிஞ்சுபோல. கணுக்காலில் டேப் பட்டென்று தெறித்து முன்வரிசையில் ஒருவரின் மடியில் போய் விழுந்தது. தாம்பாளத்துத் தண்ணீர் பழுப்பாகி, கூழாகி, நொதநொதத்தது. மேளம் நின்றது. மண்டபம் தாம்பாளத்தைப் பார்த்தது, அம்பலவாணரைப் பார்த்தது.

"சந்தனம்" என்றார் அம்பலவாணர். "எங்க வம்சத்துல தேக்கோட சந்தனமும் கலந்திருக்கு. கரையுது."

"அதானே பாத்தேன்" என்றார் பரமானந்தம். "வாசனை தூக்குது."

பர்வதத்தம்மாள் முதலில் குனிந்து ஒரு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். அப்புறம் குருக்கள், ஏட்டையா, கணக்காசிரியை. தாம்பாளம் மேடையிலிருந்து இறங்கி வரிசை வரிசையாகப் போனது. வேங்கைக்காரர்களுக்கு மிஞ்சுமா என்று ஒரு பெரியவர் கவலைப்பட்டார். தூண்போல ஊதிய இரண்டு கால்களோடு மணையில் உட்கார்ந்திருந்த கிரிதரனைக் காட்டி, "மாப்பிள்ளைக்குக் கல்யாணக்களை வந்துடுச்சு, ஆள் பூரிச்சுட்டாரு" என்றாள் சாந்தகுமாரி.

தெய்வானை அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடை ஏறினாள். மாப்பிள்ளையின் கால் ஊதியதைப் பார்க்காத ஊர், அவள் மேடையில் கால் வைத்ததை உடனே பார்த்துவிட்டது. "என்ன இது, இவ போயி மணவறையில" என்று முன்வரிசை முணுமுணுத்தது. அவள் உட்கார்ந்து, முந்தானையால் அந்தப் பாதங்களை ஒற்றி, இறுக்கிச் சுற்றி, ஈரம் மேலே ஏறாமல் முட்டிக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ஆடாதீங்க. நான்தான் உள்ளங்கால விட்டுட்டேன். தப்பு என்னோடது."

"சம்பந்தி, என்ன உளர்றீங்க?" அம்பலவாணர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "கீழ இறங்குங்க. இல்லேன்னா தாலி ஏறாது, சொல்லிட்டேன்."

தெய்வானை இறங்கவில்லை. பிடியையும் விடவில்லை. விட்டால் ஏறிவிடும்.

வான்மதி குனிந்து கிரிதரனிடம் கேட்டாள். "வலிக்குதா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். "இல்ல" என்றான் உரக்க. பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ரொம்ப" என்றான். கண் நிறைந்தது.

"அழாத. முகமும் ஊதும்."

அவள் நிமிர்ந்தாள். பட்டுப்புடவையை ஒதுக்கி வலது முழங்கையை முன்னால் நீட்டினாள். பர்வதத்தம்மாளின் நகத்துக்குத் தட்டாத மூட்டு எங்கே இருக்கிறது என்று, ஒட்டும்போது பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத் தெரியும். நகத்தை அங்கே நுழைத்து ஒரே இழுவையாக இழுத்தாள். அம்மாவின் உச்சமான வேலை சுருள் சுருளாக உரிந்து வந்தது. உள்ளங்கையில் ஒரு வெற்றிலையை வைத்து, உதிர்ந்ததை அதில் ஏந்தி, மரியாதையாக இரண்டு கையாலும் மாமனார் முன்னால் நீட்டினாள்.

"எங்க வீட்டுச் சந்தனம் மாமா. நீங்கதான் முதல்ல எடுத்துக்கணும்."

அம்பலவாணர் வெற்றிலையைப் பார்த்தார். பழுப்பு நிறம், மக்கிய வாசனை, நடுவில் பழப்பெட்டிச் சட்டத்தின் ஒரு செதில். இது தூள் என்று அவர் சொல்லலாம். சொன்னால், அக்காவின் நெற்றியில் இருப்பது என்ன, குருக்களின் நெற்றியில், நானூறு பேரின் நெற்றியில் காய்ந்துகொண்டிருப்பது என்ன என்கிற கேள்வி வரும். மண்டபம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. அவரைவிட அவர்களுக்குத்தான் அவசரம்.

அவர் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தார். நெற்றியில் இட்டுக்கொண்டார். நீரில்லாத தூள் நிற்காமல் மூக்கின்மேல் உதிர்ந்தது. தும்மினார்.

"நல்ல சகுனம்" என்றார் பரமானந்தம். இந்தமுறை நாதஸ்வரக்காரர் கண்காட்டுவதற்குள் கெட்டிமேளம் முழங்கியது. மேளத்தின் நடுவே, உட்கார்ந்தபடியே, கிரிதரன் தாலி கட்டினான். தெய்வானை மேடையில்தான் இருந்தாள். இறங்கச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

அக்கினியைச் சுற்றிவர அவனால் நிற்க முடியவில்லை. சிநேகிதர்கள் இருவர் மணையோடு தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். பந்தி தொடங்கி, மண்டபம் இலைகளை நோக்கி ஓடிய பிறகுதான் தெய்வானை முந்தானையை அவிழ்த்தாள். ஈரம் முட்டிக்குக் கீழே நின்றிருந்தது. கிரிதரன் தன் கால்களை, யாருடையவோபோலப் பார்த்தான்.

"அத்தை, இது வத்துமா?"

அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், பலகையைப் பார்ப்பதுபோலவே.

"வத்தாது தம்பி" என்றாள். "செருப்பு பெருசா வாங்கிக்கலாம்."